ரேலி ஓட்ட ஆசப்படுற தோட்டத்துப் பசங்களுக்கு: லைசன் விஷயம்

எங்க குளுவாங் பக்கம் செம்பனைத் தோட்டத்து செம்மண் சடக்குல காடி ஓட்டிப் பழகுன பசங்களுக்கு கை நல்லா பேசும், ஆனா லைசன் பத்திக் கேட்டா முக்காவாசிப் பேருக்கு ஒன்னும் தெரியல, ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா சொல்றதுக்கு இங்கயே எழுதிடுறேன்.

மொதல்ல ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகா குடுக்குற ரோட்டு லைசன பாருங்க. கார் ரேலின்னா ஸ்டேஜ், அதாவது சடக்க மூடிட்டு நேரம் பாத்து ஓட்டுற துண்டு, அது மட்டும் இல்ல தம்பி, ஒரு ஸ்டேஜ் முடிஞ்சு அடுத்ததுக்கு பொதுச் சடக்குலதான் போகணும், லாரி பஸ்ஸோட சேர்ந்து, சிவப்பு விளக்குல நின்னு. ரோட்டு லைசன் செத்துப்போயிருந்தா ரேசிங் லைசன் இருந்தும் புண்ணியமில்ல.

ரேசிங் லைசனுக்கு வருவோம். உலக அளவுல கார் பந்தயத்த நடத்துற சங்கம் எஃப்ஐஏ, அதுக்குக் கீழ நாட்டுக்கு ஒரு சங்கம், நமக்கு மோட்டார்ஸ்போர்ட்ஸ் அசோசியேஷன் ஆஃப் மலேசியா, எல்லாரும் மாம்னு சொல்லுவாங்க. அங்கதான் எழுதிப் போடணும். டாக்டர் செக்கப்பும் உண்டு. பொதுவா டிசம்பர் 31 வரைக்குந்தான் செல்லும், நவம்பர்ல எடுத்தாலும் அதே கதி, அதனால வருஷ ஆரம்பத்துலயே எடுத்துடுங்க.

பக்கத்துல உக்கார்றவருக்கும் லைசன் வேணும்! இத மறந்துட்டுத்தான் நானே ஒரு தடவ மாட்டுனேன். காலைல ஆறு மணிக்கு பேப்பர் செக்கிங், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அக்கா என் கார்ட பாத்து தலையாட்டிட்டு என் கோ-டிரைவர் கார்ட திருப்பி வெளிச்சத்துல காட்டுனாங்க, போன வருஷத்து கார்டு, ராத்திரி பூரா காடி கழுவி ஸ்டிக்கர் ஒட்டுனவன் அப்படியே நின்னுட்டான். ஸ்டார்ட் பண்ணவே இல்ல. நம்ம கரம்ஜித் சிங் 2002ல புரோட்டோன் பெர்ட் காடில ப்ரொடக்‌ஷன் கார் உலக ரேலி சாம்பியன் ஆனப்ப பக்கத்து சீட்டுல உக்காந்து வளைவு பத்துன நோட்ஸ் படிச்சது ஏலன் ஓ, அந்த சீட்டும் அவ்வளவு முக்கியம்.

இன்னொன்னு, பந்தயத்துக்கு பேர் குடுக்குற ஆள எஃப்ஐஏ சட்டம் தனியா பாக்குது, அவருக்கு காம்பெட்டிட்டர் லைசன். டீம் பேர் குடுத்தா டீம்கிட்ட இருக்கணும், நீங்களே பேர் குடுத்து நீங்களே ஓட்டுனா ரெண்டும் உங்ககிட்ட இருக்கணும்.

வெளிநாடு போறீங்களா, எஃப்ஐஏ இன்டர்நேஷனல் கேலண்டர்ல இருக்குற ரேலின்னா இன்டர்நேஷனல் லைசன் எடுக்கணும், அதோட மாம் குடுக்குற அனுமதியும் கையில இருக்கணும். லைசன் இருக்கே அது போதும்னு டிக்கெட் எடுத்துடாதீங்க, அனுமதிய வாங்கிட்டு அப்புறமா காடி ஏத்துறதப் பத்தி யோசிங்க. அந்த நாட்டுச் சடக்குல நம்ம ரோட்டு லைசன் செல்லுமான்னும் கேட்டுக்கங்க, செல்லாதுன்னா ஜேபிஜேல இன்டர்நேஷனல் பர்மிட் எடுத்துக்கலாம்.

சிங்கப்பூர்ல வேலை செய்ற தம்பிங்க கவனிங்க, ரெண்டு நாட்டு ரேசிங் லைசன ஒரே நேரத்துல வச்சுக்க முடியாது. அந்த நாட்டுச் சங்கத்துகிட்ட எடுக்கலாம், ஆனா நம்ம சங்கம் மொதல்ல சம்மதம் குடுக்கணும். லைசன் எங்க எடுத்தாலும் எஃப்ஐஏ உலக சாம்பியன்ஷிப்ல பாஸ்போர்ட் எந்த நாடோ அந்த நாட்டுக் கொடிதான்.

கடைசியா, சங்கத்தோட அங்கீகாரம் இல்லாத பந்தயம் எதுலயாவது ஓட்டக் கூப்பிட்டா, பரிசு எத்தன ஆயிரம் வெள்ளியா இருந்தாலும் போகாதீங்க, அதுக்காகவே லைசன நிறுத்தி வைக்க சட்டத்துல எடமிருக்கு.