பல்லி, ஓணான், பாம்பு வளர்க்கிறவங்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் (தொடாமலே ஒரு பொருளோட மேல்பரப்பு சூட்டை அளக்குற கருவி) வாங்குறதுக்கு முன்னாடி

விலை கம்மியா இருக்கேன்னு நெத்தியில காட்டி காய்ச்சல் பாக்குற மாடலை வாங்கிடாதீங்க, அது மனுஷ உடம்பு சூட்டுக்குன்னே செஞ்சது, கூண்டுக்குள்ள பல்ப் அடியில இருக்குற கல்லோட சூட்டுக்கு சரிப்படாது. பொதுவான வேலைக்கு விக்கிற துப்பாக்கி மாதிரி இருக்குமே, அதுல சாதாரண மாடலே போதும்.

பாக்க வேண்டியது தூர விகிதம் தான், அதாவது நிக்கிற தூரத்துக்கும் அது அளக்குற வட்டத்தோட அகலத்துக்கும் உள்ள விகிதம். 12:1னு போட்டிருந்தா 60 செ.மீ தள்ளி நின்னா 5 செ.மீ வட்டத்தோட சராசரி சூட்டை காட்டும், 8:1னா அதே தூரத்துல 7.5 செ.மீ, அதனால சின்ன கல்லுனா பக்கத்துல போய் தான் எடுக்கணும். லேசர் புள்ளி சும்மா குறி பாக்கத்தான், அளக்குறது அது இல்ல, தயவுசெஞ்சு பிராணியோட கண்ணுல மட்டும் பட விடாதீங்க!

கண்ணாடி வழியா எடுத்தா கண்ணாடியோட சூடு தான் வரும், கதவைத் திறந்துட்டு எடுங்க. பளபளன்னு இருக்குற உலோகத்துலயும் தப்பா காட்டும். வாங்கினதும் ஐஸ் நிறைய போட்ட தண்ணிய நல்லா கலக்கிட்டு மேல காட்டிப் பாருங்க, 0 டிகிரி பக்கத்துல வரணும்.

காத்தோட சூட்டை இது அளக்காது, அதுக்கு ப்ரோப் (வயர் நுனியில இருக்குற சென்சார்) வச்ச டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு தனியா வேணும்.