தவக்காலமும் பள்ளி கேன்டீனும்

சிங்கப்பூரில் உயர்நிலை 3 படிக்கும்போது, தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பள்ளிக்குப் போனேன். மதியம் ஓட்டப் பயிற்சி. பாதியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். நோன்பைக் காக்க முடியவில்லையே என்று அழுகை வந்தது.

அந்த ஞாயிறு ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்தில் தமிழ்த் திருப்பலி முடிந்ததும் மறைக்கல்வி அக்காவிடம் சொன்னேன். "உனக்கு 15 வயதுதானே தம்பி? ஒருசந்தி, அதாவது உணவைக் குறைக்கும் நோன்பு, 18 முதல் 59 வயது வரைக்கும்தான். 14 வயது ஆனவர்களுக்குச் சுத்தபோசனம் போதும்" என்றார். சுத்தபோசனம் என்றால் இறைச்சி கூடாது. மீன், முட்டை சாப்பிடலாம். ஒருசந்தி நாளிலும் ஒரு முழுச் சாப்பாடும் இரண்டு சிறு உணவும் உண்டு, தண்ணீருக்குத் தடையில்லை. பாட்டியின் கடும் நோன்பை மட்டுமே பார்த்து வளர்ந்ததால் எனக்கு இது தெரியவேயில்லை.

அப்புறம் சுத்தபோசன நாளான தவக்கால வெள்ளிக்கிழமைகளில் காலையில் இரண்டு இட்லி. இடைவேளையில் சிக்கன் ரைஸ் கடையைத் தாண்டிப் போய் முட்டையோடு காய்கறி பீஹூன் (அரிசிச் சேமியா). உடற்கல்வி ஆசிரியரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். சரி என்று தலையாட்டினார். குளிர்பானத்தை விட்டதில் மிஞ்சிய காசு, வீட்டில் அம்மா வைத்திருந்த தவக்காலக் காணிக்கை உறைக்குள் போனது. அந்த வருடம் புனித வெள்ளி வரை ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை.