பழைய ஸ்போர்ட்ஸ் காரில் தண்ணீர் ஒழுகலும் மின்சாரக் கோளாறும்: எதில் கை வைப்பது முதலில்?

மழை பெய்த மறுநாள் ஹார்ன் அடிக்காது. இரண்டு நாள் வெயிலில் நின்றால் தானாகவே அடிக்கும். இண்டிகேட்டரைப் போட்டால் பக்கத்து விளக்கும் சேர்ந்து துடிக்கும். எம்ஜிபி, ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர், லோட்டஸ் எலான் போன்ற 1960-70களின் கார்களில் இது அடிக்கடி நடப்பதுதான். உடனே "ஒயரிங் போச்சு, மொத்தமா மாத்தணும்" என்று யாராவது சொல்வார்கள். அதைக் கேட்டு அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் ஒயர் நன்றாகத்தான் இருக்கும். அதன் இரு முனைகளில்தான் கோளாறு, அங்கே தண்ணீர் போய்ச் சேர்ந்ததுதான் காரணம். அதனால் முதலில் ஒழுகலை நிறுத்துங்கள், பிறகு மின்சாரத்துக்கு வாருங்கள். மாற்றிச் செய்தால் புதிதாகப் போட்ட கனெக்டரும் அடுத்த மழையில் பச்சை பூத்துவிடும்.

கை வைக்கும் முன்

மோதிரம், வாட்ச், கையில் இருக்கும் காப்பு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் அன்று மின்சார வேலை கிடையாது. பெட்ரோல் கசிவைச் சரிசெய்த பிறகுதான் மற்றது. ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் அதன் பக்கத்தில் தீப்பொறி எழக் கூடாது.

பேட்டரியைக் கழற்றும்போது பாடியோடு இணைந்த கேபிளை முதலில் எடுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். இப்படிச் செய்தால் ஸ்பேனர் தவறிப்போய் பாடியில் பட்டாலும் ஷார்ட் ஆகாது. "நெகட்டிவைத்தானே முதலில் கழற்றணும்?" என்று கேட்பீர்கள். புதிய கார்களில் அது சரிதான். ஆனால் பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் பாடியோடு இணைந்திருக்கும். எம்ஜிபி 1962இல் வந்தபோது பாசிட்டிவ் எர்த், 1967க்குப் பிறகு வந்த மாடல்களில் நெகட்டிவ் எர்த். முந்தைய உரிமையாளர் யாராவது மாற்றியும் இருக்கலாம். புத்தகத்தை நம்பாமல் எந்தக் கேபிள் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள். பேட்டரியைத் திருப்பி மாட்டினால் ஆல்டர்னேட்டரின் டயோடு ஒரு நொடியில் போய்விடும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

கார்பெட் நனைந்திருந்தால் அது மழைத் தண்ணீர்தானா என்று முதலில் பாருங்கள். வெள்ளைக் காகிதத்தை வைத்து ஒற்றி எடுங்கள். பச்சையாகவோ நீலமாகவோ இருந்து, பிசுக்காக, லேசான இனிப்பு வாசனையும் வந்தால் ஹீட்டரிலிருந்து கூலண்ட் கசிகிறது. ஹீட்டரைப் போடும்போது முன் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போல் மங்கலாகப் படிவதும் அதே அடையாளம். கால் பெடலுக்கு மேலே ஈரமாக இருந்து பெயிண்ட் உப்பிக்கொண்டிருந்தால் பிரேக் அல்லது கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து எண்ணெய் ஒழுகுகிறது. அதைத் தள்ளிப்போடாமல் அன்றே பாருங்கள், அது உங்கள் பிரேக். இந்த இரண்டும் இல்லையென்றால் மழைத் தண்ணீர்தான்.

கார்பெட்டையும் அதற்குக் கீழே உள்ள பஞ்சையும் முழுக்க வெளியே எடுத்துவிடுங்கள். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் பஞ்சு மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். தரைத்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுவது அங்கிருந்துதான்.

பிறகு, தண்ணீர் உள்ளே வரும் இடம் ஒன்று, தேங்கும் இடம் வேறொன்று என்பதை மனதில் வையுங்கள். முன் கண்ணாடி ரப்பரில் நுழைந்த தண்ணீர் டேஷ்போர்டின் பின்புறமாக ஓடி, ஒரு ஒயர் கட்டைப் பிடித்துக்கொண்டு பியூஸ் பெட்டியில் சொட்டலாம். அதனால்தான் ஒழுகலைத் தேடும்போது கீழிருந்து மேலே போக வேண்டும். ஒருவர் டார்ச்சோடு காருக்குள் உட்காரட்டும். வெளியே இருப்பவர் ஹோஸைப் பீய்ச்சாமல், தண்ணீர் மெதுவாக வழியும்படி வைத்துக்கொண்டு கதவின் அடியில் தொடங்கி, ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நின்று, கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரட்டும். முதலிலேயே கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து, எந்த ஓட்டை என்று தெரியாமல் போகும். பிரஷர் வாஷர் கூடவே கூடாது. நல்ல ரப்பரையும் தாண்டி அது தண்ணீரை உள்ளே தள்ளிவிடும்.

கதவு, டிக்கி ரப்பர்களுக்குத் தண்ணீரே தேவையில்லை. ஒரு துண்டுக் காகிதத்தை ரப்பருக்கும் பாடிக்கும் நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி, இழுத்துப் பாருங்கள். பிடிப்போடு வந்தால் அந்த இடம் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் அங்கே அழுந்தவில்லை. ரப்பரை வாங்கும் முன் கீலையும் பூட்டின் கொக்கியையும் சரிசெய்து பாருங்கள். பழைய கார்களில் கதவு தொங்கியிருப்பதால்தான் பாதி இடைவெளி வருகிறது.

அடிக்கடி மறந்துபோகிற இடம் வடிகால். ஸ்போர்ட்ஸ் காரின் பாடி, தண்ணீர் உள்ளே வரவே கூடாது என்று கட்டப்பட்டதில்லை. வந்த தண்ணீர் வெளியே போக வழி விட்டுக் கட்டப்பட்டது. கதவுக்குள் கண்ணாடி வழியாக எப்போதும் தண்ணீர் இறங்கும். கதவின் அடி விளிம்பில் உள்ள துளைகள் மண்ணால் அடைத்திருந்தால் அது உள்ளே தேங்கும். கதவின் உள் அட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்க வேண்டும். ஸ்பீக்கர் மாட்டியவர்கள் அதைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். கனமான பிளாஸ்டிக் தாளை வெட்டி, கீழ்ப்பகுதி கதவின் உட்புறமாகச் செருகி நிற்கும்படி ஒட்டுங்கள். எம்ஜிபியில் ஹீட்டருக்குக் காற்று போகும் அறையிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் கியர்பாக்ஸ் பக்கமாகக் கீழே இறங்கும். அதில் இலையும் மண்ணும் சேர்ந்துவிட்டால் அறை நிரம்பி, கால் வைக்கும் இடத்துக்கு வழிந்துவிடும். 1989இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5இல் துணிக் கூரைக்குப் பின்னால், இருபுறமும் இதே மாதிரி வடிகால் குழாய் உண்டு. அடைப்பை எடுக்கக் கம்பியைக் குத்தாதீர்கள், குழாய் கிழியும். வளையக்கூடிய நைலான் நூல் போதும்.

முன் கண்ணாடி ரப்பர் இன்னும் மென்மையாக இருந்தால், ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே இறுகாத வகை விண்ட்ஸ்கிரீன் சீலண்ட்டைச் செலுத்தினால் நின்றுவிடும். ரப்பர் இறுகி வெடித்திருந்தால் புதிதுதான் வழி. வீட்டில் உள்ள சாதாரண சிலிக்கானைத் தடவ வேண்டாம். வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கான் உலரும்போது அமிலம் விடும். அது தகட்டையும் ஒயர் முனையையும் அரிக்கும். பிறகு அதைச் சுரண்டி எடுப்பதும் பெரும்பாடு. பின்விளக்கின் கேஸ்கெட், ஆன்டெனாத் துளை, எஞ்சின் பக்கத்திலிருந்து ஒயர் உள்ளே வரும் ரப்பர் வளையம் ஆகியவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இனி மின்சாரம்: முதல் சந்தேகம் எர்த் மேல்

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். எஞ்சின் ஓடாமல், கார் சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. பேட்டரி பலவீனமாக இருக்கும்போது வேறு எதையும் சோதிக்காதீர்கள், எல்லாமே தப்பாகக் காட்டும்.

அடுத்து எர்த். பல்புக்கு வரும் மின்சாரம் பாடி வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. அந்தத் திரும்பும் வழியில் துரு இருந்தால் மின்சாரம் வேறு வழி தேடும். இண்டிகேட்டரோடு பக்கத்து விளக்கும் துடிப்பதற்குக் காரணம் இதுதான், பக்கத்து பல்பின் வழியாகப் போய் எர்த்தைத் தேடுகிறது. எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையில் உள்ள எர்த் பட்டை அறுந்திருந்தால் ஸ்டார்ட்டருக்கான மொத்த மின்சாரமும் ஆக்சிலரேட்டர் அல்லது சோக் கேபிள் வழியாகப் போகும். ஸ்டார்ட் செய்யும்போது அந்தக் கேபிள் சுட்டால் சந்தேகமே வேண்டாம். லோட்டஸ் எலானின் பாடி ஃபைபர்கிளாஸ், அதில் மின்சாரம் ஓடாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் உண்டு, அதில் ஒன்று விட்டாலும் அந்த விளக்கு அணைந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஓம் அளவை நம்பாதீர்கள். பத்து இழை உள்ள ஒயரில் ஒன்பது அறுந்து ஒன்று மிஞ்சியிருந்தாலும் ஓம் நன்றாக இருப்பதாகக் காட்டும், மீட்டர் அனுப்பும் மின்சாரம் அவ்வளவு குறைவு. வேலை நடக்கும்போது வோல்ட் எங்கே தொலைகிறது என்று பாருங்கள். உதாரணத்துக்கு, வலது ஹெட்லைட் மங்கல். விளக்கைப் போடுங்கள். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் தூணிலேயே (கிளாம்பில் அல்ல) வையுங்கள், மற்றதை ஹெட்லைட் பல்பின் எர்த் பின்னில். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. 2 வோல்ட் காட்டினால் அந்த 2 வோல்ட் வழியில் தொலைகிறது. 55 வாட் பல்பு ஏறத்தாழ 5 ஆம்பியர் இழுக்கும், அதனால் வெறும் 0.4 ஓம் துருவே இதற்குப் போதும். பல்பு 10 வோல்ட்டில் எரியும்போது வெளிச்சம் ஏறத்தாழ பாதியாகிவிடும். இப்போது மீட்டர் முனையைப் பல்பிலிருந்து பேட்டரியை நோக்கி ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள். எந்த இணைப்பைத் தாண்டியதும் 2 வோல்ட் சட்டென்று காணாமல் போகிறதோ அந்த இணைப்புதான் குற்றவாளி. இதே சோதனையை மின்சாரம் வரும் பக்கமும் செய்யலாம், பேட்டரியின் உயிர்த் தூணிலிருந்து (எர்த் அல்லாத தூண்) பல்பு வரை.

அந்த இணைப்பைப் பிரித்து, உப்புத்தாளால் தகடு பளபளக்கும்வரை தேய்த்து, புதிய நட்டும் பல் உள்ள வாஷரும் போட்டு இறுக்குங்கள். மேலே வாசலின் தடவினால் மறுபடி துரு ஏறாது. முடித்ததும் மீட்டரை வைத்து இன்னொரு முறை பாருங்கள், எண் குறைந்திருக்கும்.

புல்லட் வடிவக் கனெக்டர்கள் பித்தளைக் குழாய்க்குள் செருகியிருக்கும். அவை கறுத்திருந்தால் புல்லட்டைத் தேய்த்து, குழாயைப் புதிதாக மாற்றுங்கள், பழையதில் பிடிப்பு இருக்காது. ஒயர் நிறத்தைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை குறையும். இந்த பிரிட்டிஷ் கார்களுக்கு மின்கருவிகள் செய்த லூகாஸ் நிறுவனத்தின் ஒயரிங்கில் பழுப்பு என்பது பேட்டரியிலிருந்து நேராக வருவது, எப்போதும் உயிரோடு இருப்பது, பியூஸ் கிடையாது. ஊதா எப்போதும் உயிரோடு, பியூஸ் வழியாக. வெள்ளை சாவி போட்டால் மட்டும், பியூஸ் இல்லாமல். பச்சை சாவி போட்டு, பியூஸ் வழியாக. கறுப்பு எர்த். பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், பச்சையில் வெள்ளைக் கோடு வலது, பச்சையில் ஊதாக் கோடு பிரேக் லைட்.

பியூஸ் போய்க்கொண்டே இருந்தால்

பெரிய பியூஸ் போடாதீர்கள், வெள்ளித்தாள் சுற்றவே சுற்றாதீர்கள். பியூஸ் எரியாவிட்டால் ஒயர் எரியும். பழைய லூகாஸ் கண்ணாடி பியூஸில் 35 என்று எழுதியிருந்தால் அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்றைய பியூஸில் அச்சிட்டிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. எண்ணைப் பார்த்து அதே 35ஐ வாங்கிப் போட்டால் ஒயருக்குப் பாதுகாப்பே இல்லை.

ஷார்ட்டைத் தேட எளிய வழி: 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை ஹோல்டரோடு எடுத்து, இரண்டு ஒயர் மாட்டி, பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் இணையுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். வேறு எதுவும் சூடாகாது, ஏனென்றால் பல்பு 2 ஆம்பியருக்கு மேல் விடாது. அந்தப் பியூஸைச் சேர்ந்த கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், ஒயர் கட்டுகளை மெதுவாக அசையுங்கள். எதைத் தொடும்போது பல்பு மங்குகிறதோ அங்கேதான் ஷார்ட். ஸ்டியரிங் தண்டின் அடியில், டிக்கிக் கீல் பக்கத்தில், தகட்டின் துளைக்குள் ஒயர் நுழையும் இடத்தில் முதலில் பாருங்கள். ஒயர் உரசித் தேய்வது பெரும்பாலும் இங்கேதான்.

நின்றபடியே பேட்டரி இறங்கினால்

எல்லாவற்றையும் அணைத்து, பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் மாட்டுங்கள். கடிகாரமும் ரேடியோவும் இல்லாத பழைய காரில் ஏறத்தாழ பூஜ்யம்தான் காட்ட வேண்டும், இருந்தால் 50 மில்லி ஆம்பியருக்குள். அதிகமாக இருந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து எது எண்ணைக் குறைக்கிறது என்று பாருங்கள். எதுவும் குறையவில்லையென்றால் பியூஸ் இல்லாத பழுப்பு ஒயர் பக்கம் போங்கள். ஆல்டர்னேட்டரின் கெட்டுப்போன டயோடு இப்படித்தான் மின்சாரத்தைத் தின்னும். மீட்டர் மாட்டியிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் மீட்டரின் பியூஸ் உடனே போய்விடும், கவனம்.

எல்லாம் முடிந்ததும் கார்பெட்டை உடனே போட அவசரப்படாதீர்கள். தரைத்தகடு முழுக்கக் காய்ந்ததும் துருவைத் தேய்த்து பிரைமர் அடியுங்கள். மறுபடி ஹோஸ் சோதனை செய்து, ஹெட்லைட், ஹார்ன், இரண்டு இண்டிகேட்டர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டுப் பாருங்கள். பியூஸ் பெட்டியின் அடியில் விரலை வைத்துத் தடவி, ஈரமில்லை என்று உறுதியான பிறகு கார்பெட்டை விரியுங்கள்.