விசேஷம் இல்லாத நாளில் போங்கள்: அறுபதுக்கு மேல் உறவையும் நட்பையும் பார்க்கப் போகும்போது நடக்கும் தவறுகள்

அறுபது தாண்டிய பிறகு அக்கா வீட்டுக்கோ கூடப் படித்தவர் வீட்டுக்கோ போய் நாலு நாள் இருந்துவிட்டு வருவதில் ஒரு தனி சுகம் இருக்கிறது. நம்மை டவுசர் போட்ட பையனாகவோ இரட்டைச் சடைப் பிள்ளையாகவோ பார்த்தவர்கள் இந்த வயதில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் மிச்சம் இருப்பார்கள். அவர்களிடம் பேசும்போது எந்தக் கதைக்கும் முன்கதை சொல்ல வேண்டியதில்லை, பாதியில் நிறுத்தினாலும் மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள். இப்படிக் கிடைக்கிற நாலு நாளை ஏதேதோ சின்ன விஷயத்தில் கெடுத்துக்கொள்கிறோமே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இருப்பதிலேயே பெரிய தவறு, விசேஷத்துக்குப் பத்திரிகை வரட்டும் என்று காத்திருப்பது. "அடுத்த மாசம் பேத்திக்குக் காதுகுத்து இருக்கு, அப்போ எல்லாரையும் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போடுவோம். மண்டபத்துக்குப் போனால் ஒரு பக்கம் மேளம், இன்னொரு பக்கம் சவுண்ட் பாக்ஸ், சாப்பிட்டாச்சா, மொய் எழுதியாச்சா என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேச முடியாது, போட்டோ எடுக்க ஒரு தடவை மேடையில் சேர்ந்து நிற்போம், அவ்வளவுதான். அப்புறம் ஒருநாள் விடியற்காலையில் போன் வரும், அடித்துப் பிடித்துக் கார் எடுத்து மாலையோடு போய் நிற்போம். அந்தக் கார் வாடகையில் பாதிகூட ஆகாது, ஆள் இருக்கும்போதே போய்ப் பார்த்துவிட்டு வர.

போன தை மாதம் என் அம்மாவைத் திருவையாறு பக்கத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிப் போனேன். எந்த விசேஷமும் இல்லை, வெறும் புதன்கிழமை. சாப்பிட்டு முடித்து இரண்டு பேரும் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து முறத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள், பேச்சு பெரியம்மா கல்யாணத்துக்கு யார் குத்துவிளக்கு வைத்தார்கள், யார் வெறும் சொம்போடு நிறுத்திக்கொண்டார்கள் என்பதைப் பற்றி. பேச்சின் நடுவிலேயே பெரியம்மா கண்ணயர்ந்துவிட்டார். அம்மா நிறுத்தவே இல்லை, மடியில் ஒட்டிய வெங்காயத் தோலைத் தட்டிவிட்டு அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார், கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடியபடியே பெரியம்மா "அது சொம்பு இல்லடி, பானை" என்று திருத்தினார். இந்த மாதிரி ஒரு மத்தியானம் எந்தக் கல்யாண வீட்டில் கிடைக்கும், சொல்லுங்கள்.

அதனால் நாள் பார்ப்பதில் கவனமாக இருங்கள். தீபாவளி, பொங்கல் கூட்டத்தில் போக வேண்டாம், சித்திரை வைகாசி அக்னி நட்சத்திர வெயிலிலும் வேண்டாம். பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு தையும் மாசியும் நல்ல காலம்.

ரயில் விஷயத்தில் நிறையப் பேருக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள் அல்லவா, அதோடு கீழ் பெர்த் ஒதுக்கீடும் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். அது போகவில்லை. ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45 வயது முடிந்திருந்தால் லோயர் பெர்த் கோட்டாவில் எடுக்கலாம். ஆனால் அதில் ஒரு முடிச்சு இருக்கிறது: தனியாகவோ, இந்த வயது வரம்புக்குள் வரும் இரண்டு பேராகவோ ஒரே டிக்கெட்டில் போனால்தான் அந்தக் கோட்டா. துணைக்கு வருகிற மகனையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் கிடைக்காது, அப்பா அப்பர் பெர்த்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டி வரலாம். மகனுக்குத் தனி டிக்கெட் போடுங்கள். இன்னொன்று, 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது, பழைய 120 நாள் கணக்கு இப்போது இல்லை.

என்னைக் கேட்டால் இரவு ரயிலே வேண்டாம் என்பேன். அரைகுறைத் தூக்கத்தில் நாலரை மணிக்கு இறங்கி, இருட்டில் ஆட்டோ தேடி, அந்த வீட்டு ஆட்களையும் எழுப்பி, அன்றைக்கு முழுக்க இரண்டு தரப்பும் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்கள். சென்னையிலிருந்து மதுரைக்கு வைகை, கும்பகோணம் தஞ்சாவூருக்குச் சோழன் என்று பகல் வண்டிகள் இருக்கின்றன, ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே போகலாம். ஆம்னி பஸ்ஸில் அதிலும் மேல் ஸ்லீப்பரில் ஏணி ஏறிப் படுப்பது இந்த வயதில் தேவையே இல்லாத வேலை, பெரும்பாலான பஸ்ஸில் கழிவறையும் கிடையாது.

கழிவறை என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். வழியில் எங்கே போவது என்ற பயத்தில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறவர்கள், முக்கியமாக நம் வீட்டுப் பெண்கள், ரொம்ப அதிகம். போய் இறங்கும்போது தலைசுற்றல், மறுநாள் நீர்க்கடுப்பு. நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சிலர் பயணத்தன்று அதைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள், அது இன்னும் ஆபத்து. எந்த நேரத்துக்கு மாற்றிச் சாப்பிடலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டால் அவரே வழி சொல்வார்.

மாத்திரைகளை நாள் கணக்குப் பார்த்து எண்ணி எடுக்காதீர்கள், ஒரு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும், நாலு நாள் என்று போனவரை ஆறு நாள் பிடித்து வைத்துக்கொள்வது நம் ஊர் வழக்கம்தானே. மருந்துப் பை எப்போதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சீட்டுக்கு அடியில் தள்ளிய பெட்டிக்குள் இல்லை. டாக்டர் சீட்டை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் போன வீட்டு ஃப்ரிட்ஜில் ஃப்ரீஸரை ஒட்டி வைத்துவிடாதீர்கள், உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தவே கூடாது. திறந்து உபயோகத்தில் இருக்கிற பேனா சாதாரண அறை வெப்பத்தில் பெரும்பாலும் நாலு வாரம் வரை தாங்கும், சரியான கணக்கு பெட்டிக்குள் இருக்கிற தாளில் போட்டிருக்கும். வெயிலில் நிற்கிற காருக்குள் மட்டும் விட வேண்டாம்.

அடுத்தது கூச்சம். "வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கா?" என்று போனில் கேட்க நமக்கு வாய் வராது. கேட்காமல் போய், முட்டி மடக்க முடியாமல் இரண்டு நாள் அவதிப்பட்டு, ஏதோ சாக்குச் சொல்லிச் சீக்கிரம் கிளம்பிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேளுங்கள். இல்லை என்று சொன்னால் நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி மருத்துவ சாமான் கடையில் கிடைக்கும், அவர்கள் வாங்கி வைப்பார்கள், அல்லது நீங்களே வாங்கிக் கொண்டு போகலாம். போய்ச் சேர்ந்ததும் படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை ஒரு தடவை பகலிலேயே நடந்து பாருங்கள், சுவிட்ச் எங்கே, நடுவில் படி இருக்கிறதா, தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று. நம் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு நடப்போம், அங்கே ராத்திரி இரண்டு மணிக்கு ஈரத் தரையில் கால் வைத்தால் இடுப்பெலும்பு போய்விடும். கட்டிலோ தரையோ, பாத்ரூமுக்குப் பக்கத்தில் படுக்கை கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

அப்புறம், போகிற இடத்தில் இருக்கிறவருக்கும் எழுபது வயது என்பதை மறந்துவிடுகிறோம். நாம் வருகிறோம் என்று தெரிந்ததும் முதல் நாளே மாவு அரைத்து, பலகாரம் சுட்டு, பாயசம் வைத்து, நாம் போய் இறங்கும்போது அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார். இது அன்பு, வேண்டாம் என்றால் கேட்க மாட்டார். அதனால் கிளம்பும் முன்பே உரிமையோடு சொல்லிவிட வேண்டும்: "அத்தை, ரசமும் அப்பளமும் போதும், நான் வந்து உங்க கூட உட்கார்ந்து பேசணும், நீங்க அடுப்படியிலேயே நின்னா நான் எதுக்கு வர்றேன்?" ஒரு வேளை ஓட்டலில் வாங்கிச் சாப்பிட்டால் குடி முழுகிவிடாது. திரும்பும் டிக்கெட்டைப் போகும்போதே எடுத்து, தேதியையும் சொல்லிவிடுங்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை, வயதானவருக்கு முதல் நாள் பயணக் களைப்பிலேயே போய்விடுகிறது, கூடப் பிறந்தவர் வீடென்றால் ஐந்து நாள் தாராளமாக இருக்கலாம். தேதி தெரிந்தால் போதும், வீட்டு மருமகளும் நிம்மதியாக இருப்பார்.

கையில் என்ன கொண்டு போவது? சர்க்கரைக்காரர் வீட்டுக்கு ஒரு கிலோ அல்வா, ரத்தக் கொதிப்புக்காரருக்கு உப்பு நார்த்தங்காய் ஊறுகாய், இந்த இரண்டும் வேண்டாம். வீட்டு முருங்கைக்காய், கறிவேப்பிலை, அல்லது பீரோவில் கிடக்கிற ஒரு பழைய போட்டோ.

ஊருக்கு வந்தோம், எல்லார் வீட்டுக்கும் ஒரு எட்டுப் போய்விடுவோம் என்று ஒரே நாளில் ஐந்து வீடு ஏறி இறங்குவதும் கூடாது. ஐந்து வீட்டிலும் காப்பி, ஐந்து வீட்டிலும் முறுக்கு, எங்கேயும் உருப்படியாகப் பேச்சு கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு வீடு போதும். "எங்க வீட்டுக்கு வரலையே" என்று கோபித்துக்கொள்கிறவர்களிடம், அடுத்த தடவை உன் வீட்டில்தான் தங்கப் போகிறேன் என்று சொல்லி அப்படியே செய்துவிட்டால் சரியாகிவிடும்.

பேச்சில் எதைத் தவிர்ப்பது என்று கேட்டால் முதலில் சொத்து. முப்பது வருஷத்துக்கு முந்தைய பாகப்பிரிவினையைச் சாப்பாட்டு இலையில் வைத்துக் கிளறி, எழுந்து போனவர்கள் உண்டு. அப்புறம் பிள்ளைகளின் சம்பளம், பேத்திக்கு ஏன் இன்னும் வரன் அமையவில்லை என்ற விசாரணை. வியாதிக் கதைகளைப் பேசலாம், என் முட்டி உன் முட்டி என்று அரை மணி நேரம் பேசுவதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. எதிரில் இருப்பவருக்குக் காது மந்தம் என்றால் கத்தாதீர்கள், டிவியை நிறுத்திவிட்டு, முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் போதும்.

இதில் எனக்கு மனசு ரொம்ப வலிக்கிற இடம், மறதி நோய் வந்தவர்களைப் பார்க்கப் போகும்போது நாம் நடந்துகொள்கிற விதம். வாசலில் செருப்பைக் கழற்றியதுமே "என்னைத் தெரியுதா? சொல்லு பாப்போம், நான் யாரு?" என்று ஆரம்பித்துவிடுகிறோம். பக்கத்தில் நிற்கிறவர்களும் "நல்லா யோசிச்சுப் பாருங்க" என்பார்கள். அவர் முகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? தெரியவில்லை என்று சொல்ல வெட்கம், தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம், ஒரு அசட்டுச் சிரிப்பு. அந்தப் பரீட்சையை வைக்காதீர்கள். கண்ணுக்கு நேராக உட்கார்ந்து, "அண்ணே, நான் உங்க கடைசித் தம்பி, மதுரையிலேருந்து வந்திருக்கேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். காலை நேரத்தில் போங்கள், இவர்களில் நிறையப் பேருக்குச் சாயங்காலத்தில் குழப்பம் கூடும். இறந்துபோன மனைவியை "எங்க அவ?" என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் செத்துப்போன செய்தியைச் சொல்லி அழவைக்க வேண்டாம், "அண்ணி வைக்கிற மீன் குழம்பு இருக்கே" என்று எடுத்துக்கொடுங்கள், அவர் தொடர்வார். நேற்று நடந்தது நினைவில் இல்லாதவர்கள்கூட சின்ன வயதில் கேட்ட பாட்டை வரி தப்பாமல் பாடுவதுண்டு. நீங்கள் யாரென்று கடைசி வரை தெரியாமலே போகலாம், ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் அவர் சந்தோஷமாக இருந்தார், அதுதானே நமக்கு வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். விசா பத்து வருஷத்துக்குக் குத்தியிருந்தாலும் ஒரு தடவைக்கு எத்தனை நாள் தங்கலாம் என்பதை இறங்குகிற இடத்து அதிகாரிதான் முடிவு செய்வார், வழக்கமாக ஆறு மாதம், அந்தத் தேதி ஐ-94 என்கிற அந்த ஊர் வருகைப் பதிவில் இருக்கும். மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, இதய நோய்க்கு எவ்வளவு தூரம் பணம் தருவார்கள் என்பதைப் படித்துப் பார்த்து எடுங்கள், விலை குறைவாக இருப்பதையே பார்த்து எடுத்தால் அங்கே ஒரு ராத்திரி ஆஸ்பத்திரிச் செலவே தலையில் விழும். டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள், அதற்குப் பொதுவாகத் தனிக் கட்டணம் இல்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை. விமானத்தில் மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து நடங்கள், காலைத் தொங்கப்போட்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளலாம்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு. "இந்த வயசுல எதுக்கும்மா அலைச்சல், வீடியோ கால்ல பேசிக்க வேண்டியதுதானே" என்று சொல்லாதீர்கள். அம்மாவுக்கு யாரைப் பார்க்க ஆசை என்று இந்த வாரமே கேளுங்கள், அறுபதாவது நாள் காலையில் முன்பதிவு திறந்ததும் டிக்கெட் போட்டுக் கையில் கொடுங்கள், ஸ்டேஷனில் கொண்டுபோய் ஏற்றிவிடுங்கள், அங்கே இறக்கிக்கொள்ள யார் வருகிறார்கள் என்று உறுதி செய்துவிடுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு மணிக்கொரு தரம் போன் பண்ணி மாத்திரை போட்டாச்சா என்று கேட்க வேண்டாம். ராத்திரி ஒரு போன் போதும், அதையும் அவர்கள் பேச்சு சுவாரஸ்யத்தில் எடுக்கவில்லை என்றால் காலையில் கூப்பிட்டுக்கொள்ளலாம்.