சிலிண்டரிலிருந்து குழாய் கேஸுக்கு: அடுப்பில் மாற்ற வேண்டியவை

சென்னையில் உங்கள் ஃப்ளாட்டுக்குக் குழாய் கேஸ் வந்துவிட்டதா? முதலில் அடுப்பின் ஜெட்டைக் கவனியுங்கள். பர்னருக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்னப் பித்தளைத் துண்டின் துளைதான் தீயின் அளவைத் தீர்மானிக்கிறது. சிலிண்டர் கேஸ் அடுப்புக்குச் சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தில் வரும். குழாய் கேஸ் சுமார் 21 தான். குழாய் கேஸில் பெரும்பகுதி மீத்தேன்; அதில் கன மீட்டருக்குக் கிடைக்கும் வெப்பமும் குறைவு. அதனால் பெரிய துளை தேவை. பழைய ஜெட்டிலேயே எரித்தால் தீ சிறுத்து, இட்லிப் பானையில் ஆவி வரவே நேரமாகும். ஊசியால் குடைந்து பெரிதாக்கவே கூடாது. கேஸ் நிறுவன டெக்னீஷியனைக் கொண்டு எல்லா பர்னருக்கும் மாற்றுங்கள்.

ரப்பர் டியூபும் புதிதாக, ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் இருக்கட்டும். இரு முனையிலும் கிளாம்ப் போட்டு, சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திச் சோதிக்காதீர்கள்.

சிலிண்டர் கேஸ் கசிந்தால் தரையில் தங்கும். மீத்தேன் மேலே ஏறும். கொசுவுக்குப் பயந்து சமையலறை வென்டிலேட்டரை அட்டையால் அடைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள், கம்பி வலை போதும்.

மாற்றிய அடுப்பை மறுபடி சிலிண்டரில் இணைத்தால் மஞ்சள் தீ உயரமாக எழும், ஆபத்து. பழைய ஜெட்டுகளைப் பெயர் எழுதிய டப்பாவில் வையுங்கள். சிலிண்டர் இனி வேண்டாமென்றால் ரெகுலேட்டரோடு ஏஜென்சியில் ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்ப வாங்குங்கள். இணைப்பு எடுத்தபோது கொடுத்த வவுச்சரைத் தேடி எடுத்துப் போங்கள்.