பழைய வீட்டை விற்கும் முன்: எதற்குச் செலவு செய்யலாம், எதை விட்டுவிடலாம்

தனி வீட்டை விற்பதென்று முடிவானதும் பலர் முதலில் பெயின்டரைக் கூப்பிடுகிறார்கள். கூப்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் பீரோவைத் திறந்து பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இருபது, முப்பது ஆண்டுப் பழைமையான வீட்டின் விற்பனை சுவரின் நிறத்தால் நின்றுபோவது அரிது. பெரும்பாலும் பத்திரத்தில் உள்ள குறைதான் காரணமாக இருக்கும். தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமையாளர்களின் பத்திரம்), நம் பெயரிலான கிரயப் பத்திரம், பட்டா, கட்டட அனுமதி வரைபடம், நடப்பு ஆண்டு வரையிலான சொத்துவரி ரசீது ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, பதிவுத்துறையின் இணையதளத்தில் குறைந்தது முப்பது ஆண்டுக்கான வில்லங்கச் சான்றை (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல்) பெற்று, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பட்டாவில் காலமான தந்தையின் பெயரே நீடிப்பதும், பத்திரத்தில் ஒரு சர்வே எண்ணும் பட்டாவில் அதன் உட்பிரிவு எண்ணும் இருப்பதும் சாதாரணமாகக் காணப்படும் குறைகள். வீடு பெற்றோர் வழி வந்ததாக இருந்தால் வாரிசுச் சான்றும், பங்கு உள்ள உடன்பிறந்தவர்களின் கையெழுத்தோ தம் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவர்கள் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரமோ தேவைப்படும். திருமணமாகிச் சென்ற சகோதரிகளுக்குப் பங்கில்லை என்ற எண்ணத்தில் முன்பணம் வாங்கிவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வாங்குபவர் கடனுக்குச் செல்லும் வங்கியின் வழக்கறிஞர் எப்படியும் இவற்றைக் கேட்பார். அவர் கேட்பதற்கு முன் நாமே ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது மலிவான வழி.

வீட்டுக்கடன் பாக்கி இருந்தாலும் விற்கலாம். நிலுவைத் தொகைக்கான கடிதத்தை வங்கியிடம் பெற்று, வாங்குபவரின் பணத்திலிருந்து நேரடியாகக் கடனை அடைக்க ஏற்பாடு செய்யலாம்; மாறும் வட்டியில் தனிநபர் பெற்ற வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கி அபராதம் கேட்க முடியாது. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி உத்தரவின்படி, கடன் முழுவதும் அடைந்த 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தாமதம் வங்கியால் நேர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடாகத் தர வேண்டும். பத்திரம் கைக்கு வந்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அடமானம் பதிவு செய்யப்பட்டிருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்று தெளிவாகும்.

மாதத் தவணையின் பாரம் தாங்காமல்தான் விற்பனை என்றால், தவணைக் காலத்தை நீட்டிக்கவோ குறைந்த வட்டிக்குக் கடனை மாற்றவோ முடியுமா என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. வாடகைக்கு விட்டுச் சமாளிக்கலாம் என்பது கேட்க இதமாக இருந்தாலும் பெரும்பாலும் கணக்குக்கு ஒத்துவராது. நம் நகரங்களில் ஓராண்டு வாடகை வீட்டு மதிப்பில் பெரும்பாலும் 2 முதல் 3 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. கடன் வட்டியோ அதைவிட இரண்டு, மூன்று மடங்கு.

இனிப் பழுது பார்க்கும் செலவு. என் கருத்தில் முதல் ரூபாய் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். மழை பெய்த மறுநாள் ஒவ்வோர் அறையின் கூரை மூலையையும் பார்க்க வேண்டும். ஓதம் படர்ந்த இடத்தில் விரல் முட்டியால் தட்டினால் பொள்ளென்று சத்தம் வரும். அங்கே உள்ளே கம்பி துருப்பிடித்துக் காரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதன்மேல் பட்டியும் பெயின்டும் பூசினாலும், ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்தாலும், வாங்குபவர் அழைத்து வரும் பொறியாளர் கண்டுபிடித்துவிடுவார். அதன்பின் நாம் சொல்லும் எதையும் அவர்கள் நம்ப மாட்டார்கள். துருவைச் சுரண்டிக் காரையைச் சரிசெய்து, மாடியின் தட்டோட்டு இடுக்குகளை அடைத்து, வாட்டம் சரியாக இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகு, மேலே வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கலாம். கோடையில் மேல் அறையின் வெக்கை குறைவது, மதியம் இரண்டு மணிக்கு வீடு பார்க்க வருபவருக்கு நாம் சொல்லாமலே தெரியும்.

அடுத்தது தண்ணீர். 2003-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் பல வீடுகளில் வடிகட்டும் தொட்டி மண்ணும் சருகும் நிறைந்து பெயரளவுக்கே இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஆயிரம் சதுர அடி மாடி ஏறத்தாழ 93 சதுர மீட்டர். ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெறும் சென்னையில், வீணாவதைக் கழித்தாலும் ஒரு லட்சம் லிட்டருக்குமேல் பூமிக்குள் இறங்கும். 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் அது எட்டு லாரிக்கு மேல். ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்துக் கழுவி மீண்டும் நிரப்புவதற்கு இரண்டு ஆட்கள் போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே செய்துவிட வேண்டும். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற அனுபவம் உள்ளவர்கள் கிணற்றை எட்டிப் பார்க்காமல் விலை பேசுவதில்லை.

மின்கட்டணத்தில் எளிதில் கண்ணில் படாத விஷயம் ஒன்று உண்டு: இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு, முந்தைய யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் கூடுதல் விகிதம் போடப்படுகிறது. ஆகவே எல்லையில் நிற்கும் வீட்டில் சிறிய மிச்சம்கூடப் பெரிதாகத் தெரியும். 75 வாட் பழைய மின்விசிறியை மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் மோட்டார் கொண்ட 28 வாட் பிஎல்டிசி விசிறியாக மாற்றி, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடுவதாகக் கொண்டால், இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு ஏறக்குறைய 34 யூனிட் குறையும். நான்கு விசிறிக்கு 135 யூனிட். கடந்த ஓராண்டின் ஆறு பில்களையும் ஒரு கோப்பில் போட்டு வாங்குபவரிடம் காட்டுங்கள். ‘பசுமை வீடு’ என்று விளம்பரத்தில் எழுதுவதைக் காட்டிலும் அந்த ஆறு தாள்கள் அதிகம் பேசும்.

மாடியில் சூரிய மின்தகடு வைத்தால் விலை ஏறுமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம் உண்டு. ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். இன்னும் ஐந்து, ஆறு ஆண்டு அதே வீட்டில் இருப்பவருக்கு இது நல்ல முதலீடு. ஆறு மாதத்தில் விற்கப் போகிறவர் விற்பனைக்காகவே வைக்க வேண்டியதில்லை. போட்ட பணத்தைக் கொடுக்க வாங்குபவர் ஒப்புவது அரிது. ஏற்கெனவே வைத்திருந்தால், அதற்குக் கடன் இருப்பின் அடைத்துவிட்டு, உத்தரவாத அட்டைகளையும் நெட் மீட்டர் (மின்வாரியத்துக்குத் தரும் மின்சாரத்தையும் அளக்கும் மீட்டர்) ஆவணங்களையும் எடுத்து வையுங்கள். மாடுலர் சமையலறைக்கும் இதே கணக்குத்தான்: வருகிறவர் தம் விருப்பப்படி அதை உடைத்துக் கட்டத்தான் போகிறார்.

விலையைச் சொல்லும்போது, வாங்குபவர் முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் என்று மேற்கொண்டு 9 விழுக்காடு செலவழிக்கிறார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதைக் குறைப்பதற்காகப் பத்திரத்தில் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்பார்கள், மறுத்துவிடுங்கள். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு.

இரண்டு ஆண்டுக்குமேல் வைத்திருந்த வீட்டின் லாபத்துக்கு 12.5 விழுக்காடு வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடாக இருந்தால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டின்படி உயர்த்திக்கொண்டு லாபத்துக்கு 20 விழுக்காடு என்ற பழைய முறையில் கணக்கிட்டு, எது குறைவோ அதைச் செலுத்தலாம். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியதாக இருந்தால், அந்தத் தேதியில் அரசு நிர்ணயித்திருந்த வழிகாட்டி மதிப்பைத் தாண்டாத சந்தை மதிப்பையே வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். மேல்தளம் கட்டியதற்கும் ஆழ்துளைக் கிணறு போட்டதற்கும் ரசீது இருந்தால் லாபத்திலிருந்து கழியும், பெயின்டுக்குக் கழியாது. லாபத்தைக் கொண்டு இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று ஆண்டுக்குள் கட்டினாலோ வரிவிலக்கு உண்டு. இல்லையெனில் ஆறு மாதத்துக்குள் 50 லட்சம் வரை குறிப்பிட்ட அரசுக் கடன்பத்திரங்களில் ஐந்து ஆண்டுக்குப் போடலாம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் ஒரு விழுக்காட்டைப் பிடித்துச் செலுத்துவார். அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

சாவியைக் கொடுக்கும் நாளில் மின் மீட்டரின் அளவைப் படம் எடுத்து, அதுவரையிலான கட்டணம் யாருடையது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். மின் இணைப்பு, சொத்துவரி, குடிநீர் இணைப்பு ஆகியவற்றின் பெயர் மாற்ற விண்ணப்பங்களை வாங்குபவர் அன்றே கொடுத்துவிட்டால், அவர் கட்டத் தவறும் பாக்கிக்கான அறிவிப்பு உங்கள் பெயருக்கு வராது.