கணக்கை சமன்பாடா மாத்தும்போது அந்த 'ஐ'யை முழுங்கிடாதீங்க

சாயங்காலம் வீட்டுத் திண்ணையில ஏழாவது எட்டாவது பசங்களுக்கு டியூஷன் எடுக்குறேன். 3அ + 7 = 22ன்னு போட்டா டக்குனு 5ன்னு சொல்ற பையன், அதையே வாக்கியமா கொடுத்தா பேனா மூடியைக் கடிக்க ஆரம்பிச்சிடுறான். தீர்க்கத் தெரியாம இல்ல, வாசிக்கிறதுலதான் கோட்டை விடுறான்.

நான் அதிகமா பாக்குற தப்பு உருபுல வர்றது. "8 ஐ ஒரு எண்ணிலிருந்து கழிக்க"ன்னு இருக்கும். 8 முதல்ல வருது, எண் பின்னாடி வருது, கழிக்கச் சொல்றாங்க, சரின்னு 8 − அன்னு எழுதிடுவாங்க. வரவேண்டியது அ − 8. அந்த 'ஐ' எண்ணோட ஒட்டாம தள்ளி நிக்கும், பசங்க கண்ணுக்கு 8 மட்டும்தான் தெரியும். தமிழ்ல வார்த்தையை முன்ன பின்ன மாத்திப் போட்டாலும் அர்த்தம் மாறாதுல்ல, அதனால வரிசையைப் பாக்காதீங்க, 'இலிருந்து' எதோட ஒட்டியிருக்கோ அதுதான் முன்னாடி வரும். வகுத்தல்லயும் இதே கதைதான், 'ஆல்' ஒட்டினது கீழ போகும்: "12 ஐ ஒரு எண்ணால் வகுக்க"ன்னா 12/அ, "ஒரு எண்ணை 12 ஆல் வகுக்க"ன்னா அ/12. கூட்டல் பெருக்கல்ல எப்படிப் போட்டாலும் ஒண்ணுதான், அந்த அலட்சியத்தை அப்படியே இங்கயும் தூக்கிட்டு வந்துடுறாங்க.

இங்கிலீஷ் மீடியம் பசங்களுக்கு வேற தலைவலி. 'ஃபைவ் லெஸ் தேன் எ நம்பர்'னா 5 − அன்னு போடுவாங்க. மனசுக்குள்ள "ஒரு எண்ணை விட 5 குறைவு"ன்னு தமிழ்ல சொல்லிப் பாக்கச் சொல்வேன், அ − 5 தானா வந்து விழும்.

அடுத்தது அடைப்புக்குறி. "ஒரு எண்ணுடன் 4 ஐக் கூட்டி 3 ஆல் பெருக்கினால் 27." இந்த 'கூட்டி'யில வேலை முடிஞ்சிடுச்சு, அதுக்கப்புறம்தான் பெருக்கணும், அதனால 3(அ + 4) = 27, அ = 5. பசங்க அ + 4 × 3 = 27ன்னு எழுதி 15ன்னு சொல்வாங்க, 15ஐ வாக்கியத்துலயே போட்டுப் பாத்தா 57 வரும், ஆனா யாரு போட்டுப் பாக்குறா!

பெரியவங்களும் மாட்டுற இடம் ஒண்ணு இருக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில ஒரு டீச்சருக்கு 30 பிள்ளைங்க. டீச்சர் எண்ணிக்கை ட, பிள்ளைங்க எண்ணிக்கை 'ப'ன்னு வச்சா பாதிப் பேரு '30ப = ட'ன்னு எழுதுறாங்க, ஏன்னா 30 பக்கத்துல பிள்ளைங்கன்னு வருதே! அப்படின்னா 1 பிள்ளைக்கு 30 டீச்சராயிடும். சரியானது ப = 30ட. 'ப'ன்னா பிள்ளை இல்ல, பிள்ளைங்க எத்தனை பேருங்கிற எண்ணிக்கை. இதே மாதிரி கேள்வியை 1980 வாக்குல அமெரிக்காவுல ஜான் கிளமெண்ட்ங்கிறவர் இன்ஜினியரிங் முதல் வருஷப் பசங்க 150 பேருகிட்ட கேட்டப்போ 37 சதவீதம் பேர் தப்பா எழுதினாங்க, அதனால உங்க பையனை ரொம்பத் திட்டாதீங்க.

வயசுக் கணக்குக்கு வருவோம். அப்பா வயசு மகன் வயசைப் போல 3 மடங்கு, 5 வருஷத்துக்கு முன்னாடி 4 மடங்கு. மகன் வயசு 'ம'ன்னா, 5 வருஷம் ரெண்டு பேருக்குமே குறையணும்: 3ம − 5 = 4(ம − 5), மகனுக்கு 15, அப்பாவுக்கு 45. போன வாரம் ஒருத்தன் அப்பாவுக்கு மட்டும் குறைச்சு 3ம − 5 = 4மன்னு போட்டு, ம = −5ன்னு கட்டம் கட்டிக் காட்டினான். "டேய், பையன் இன்னும் பொறக்கவே இல்லையேடா"ன்னேன். கொஞ்சம் யோசிச்சிட்டு, "5 வருஷம் கழிச்சுப் பொறப்பான்க்கா"ன்னான்.